சைக்கிளைப் பற்றி இருபது விநாடி பேச எந்த வழியில் பழகுவது?

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதி. "டூ யூ ரைடு எ பைக்?" என்றார் தேர்வாளர். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். பல்சர் வைத்திருக்கிறேன், வாங்கி ஆறு வருடமாகிறது, ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தாளைப் பார்த்து அடுத்த கேள்விக்குப் போனார்: சின்ன வயதில் உங்களிடம் பைக் இருந்ததா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் போடுவது. அவர் கேட்டது சைக்கிளை.

வேடிக்கை என்னவென்றால், சைக்கிளுக்கென்று ஒரு பக்கம் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். கோச்சிங்கில் கொடுத்த நோட்டில் அதன் தலைப்பு 'பைசிக்கிள்' என்று இருந்தது, தேர்வறையில் காதில் விழுந்தது 'பைக்'. அதனால் மண்டைக்குள் அந்த அலமாரி திறக்கவே இல்லை. கடைசியில் திறந்தபோது, நெதர்லாந்தில் மக்களைவிட சைக்கிள்கள் அதிகம் என்று கடகடவென ஒப்பித்தேன். அவர் கேட்டதோ என் சின்ன வயதை.

பேச்சுக்கு 6 வந்தது. எனக்கு வேண்டியிருந்தது 7.

இப்போது என் சித்தி மகள் அதே ஐயெல்ட்ஸுக்குத் தயாராகிறாள். நர்ஸ், இங்கிலாந்து போகிற திட்டம். அங்கே நர்சுகளைப் பதிவு செய்யும் கவுன்சில் எழுத்துக்கு 6.5 போதும் என்கிறது, பேச்சு, கேட்டல், வாசிப்பு மூன்றுக்கும் 7 வேண்டும். "ஆறு வாரம்தான் இருக்கு அண்ணா, நைட் ட்யூட்டி வேற. கோச்சிங் சேரவா, யாரையாவது வெச்சுப் பேசிப் பார்க்கவா, இல்ல போன்லயே ஏதாவது ஆப்ல பண்ணிக்கவா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நர்சுகளுக்கு ஓஇடி என்ற இன்னொரு தேர்வும் உண்டு. அதில் நோயாளியிடமோ அவர் வீட்டாரிடமோ பேசுவதுபோலப் பேசிக் காட்ட வேண்டும், சைக்கிளுக்கு அங்கே வேலை இல்லை. அவள் ஐயெல்ட்ஸ் என்று முடிவு செய்து பணமும் கட்டிவிட்டதால் அதை விடுவோம்.

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் எந்த வழி எதற்கு உதவும் என்று புரியும். பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதிகள். முதல் 4-5 நிமிடத்தில் ஊர், வீடு, வேலை, படிப்பு என்று தொடங்கி, சைக்கிள் மாதிரியான அன்றாடத் தலைப்பு ஒன்றிரண்டைத் தொடுவார்கள். இரண்டாவதில் தலைப்பு எழுதிய ஒரு அட்டை தருவார்கள். 1 நிமிடம் யோசித்து, 2 நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். மூன்றாவது 4-5 நிமிட விவாதம். முதல் பகுதியில் தேர்வாளர் தாளில் உள்ள கேள்விகளைத்தான் கேட்பார், மிஞ்சினால் ஏன் என்பார். மூன்றாவதில் நாம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு குடைய அவருக்கு இடம் உண்டு. தடையில்லாத தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பு. நம் தமிழ் வாடைக்கு மதிப்பெண் குறையாது, சொல்வது புரிய வேண்டும், அவ்வளவுதான்.

சைக்கிள் போன்ற முதல் பகுதிக் கேள்விக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும், பதினைந்து இருபது விநாடி. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். அந்த இருபது விநாடிக்குத்தான் இத்தனை வழிகளும்.

முதல் வழி, மாதிரி விடைகளை மனப்பாடம் செய்வது. நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை இது. பத்தாம் வகுப்பில் புறநானூற்றிலிருந்து ஒளிச்சேர்க்கை வரை அப்படித்தானே தாண்டினோம்? இதில் உள்ள வசதியை மறைக்க மாட்டேன். வாயே திறக்க வராதவருக்கு முதல் வாரத்தில் ஒரு ஊன்றுகோல் கிடைக்கிறது. ஆனால் பேச்சு ஓடும் வேகம் சட்டென்று மாறுவதை எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். "மை நேம் இஸ்..." என்று தடுமாறியவர், சைக்கிள் என்றதும் 'சஸ்டெய்னபிள் மோட் ஆஃப் டிரான்ஸ்போர்ட்' என்று அருவியாகக் கொட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தில், மனப்பாடத் தொடர்கள் பற்றிய பேச்சு பேண்ட் 3 மாதிரியான கீழ்ப் படிகளில்தான் வருகிறது. 7 வாங்க நினைப்பவர் போய் நிற்கக்கூடிய இடமா அது?

இன்னொரு சிக்கல், மாதிரி விடைகள் எல்லாமே வேறு யாருடைய வாழ்க்கையோ. என் நோட்டில் இருந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டினான். நான் ஓட்டியது திருச்சியில் பால் வாங்கவும் ரேஷன் கடைக்கும். "எந்த ஏரி?" என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

கோச்சிங் வகுப்பு இரண்டாவது வழி. கட்டணம் கட்டிவிட்டோமே என்ற உறுத்தலே நம்மைத் தினமும் உட்கார வைக்கும், அது உண்மையான பயன். எழுத்துத் தாளுக்குத் திருத்தம் கிடைப்பதும் நல்லதுதான். பேச்சுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேர வகுப்பு, இருபத்தைந்து பேர். ஆசிரியர் வாயே திறக்காவிட்டால்கூட ஒருவருக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் கிடையாது. அவர் திறக்காமல் இருப்பாரா? நான் போன இடத்தில் ஒரு மாதத்தில் நான் பேசியதைக் கூட்டினால் அரை மணி நேரம் தேறாது. மீதி நேரமெல்லாம் அடுத்தவர் பேசியதைக் கேட்டேன், அவர்களும் அதே நோட்டைத்தான் ஒப்பித்தார்கள். சேர்வதாக இருந்தால் மாதிரித் தேர்வை ஆள் எதிரில் உட்கார்ந்து நடத்துகிறார்களா, ஒருவருக்கு எத்தனை முறை என்று மட்டும் கேட்டுச் சேருங்கள்.

மூன்றாவது, கூட்டாளி வைத்துக்கொண்டு பேசுவது. காசு செலவில்லை. கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, முகம் பார்த்துப் பேசும் பழக்கம் வருகிறது. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய எதிரி உண்டு. இரண்டாவது வாக்கியத்திலேயே "என்னடா, பீட்டர் விடறே" என்று சிரித்துவிடுவான், அப்புறம் இருவரும் தமிழுக்குத் தாவிவிடுவோம். கூட்டாளியும் அதே தேர்வுக்குப் பணம் கட்டியவராக இருந்தால் மட்டும்தான் இது நடக்கிறது. இன்னொன்று, இருவரும் ஒரே தப்பைச் செய்வோம், யாருக்கும் தெரியாது. 'ஐ டிரைவ் சைக்கிள்' என்று நான் சொன்னால் அவனுக்கு அது சரியாகவே கேட்கும், ஏனென்றால் தமிழில் காரையும் ஓட்டுகிறோம், சைக்கிளையும் ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் கார் என்றால் டிரைவ், சைக்கிள் என்றால் ரைடு. 'ஐ ஃபில்டு ஏர்' என்பதும் அப்படித்தான். காற்று அடிப்பதை அவர்கள் 'பம்ப் அப் த டயர்ஸ்' என்பார்கள். கூட்டாளியிடம் திருத்தம் எதிர்பார்க்காதீர்கள். அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது கேள்விதான். நீங்கள் எதிர்பாராத கேள்வியாக இருக்க வேண்டும்: அந்த சைக்கிள் இப்போது எங்கே? யார் கற்றுக் கொடுத்தது? விழுந்து அடிபட்டதுண்டா?

நான்காவது, இப்போது எல்லோரும் கேட்கிற வழி: சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ செயலியிடம் குரலில் பேசுவது. நைட் ட்யூட்டி முடித்து விடியற்காலை நாலு மணிக்கு வருகிறவளுக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது. வெட்கமே வேண்டாம், பத்து முறை ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னாலும் சலிப்பதில்லை. ஆனால் மூன்று இடத்தில் ஏமாற்றும். ஒன்று, நாம் யோசிக்க நிறுத்தினால் முடித்துவிட்டோம் என்று நினைத்துக் குறுக்கே பாயும். அதற்குப் பயந்து நாம் 'ஆ... ஆ...' என்று இழுத்து இடத்தைப் பிடித்து வைக்கப் பழகிவிடுவோம், அந்தப் பழக்கம் தேர்வறைக்கும் கூட வந்துவிடும். இரண்டு, அது மிகவும் நல்ல பிள்ளை. எதைச் சொன்னாலும் அருமை என்று தொடங்கும், கேட்டால் பேண்ட் 7.5 என்றுகூடச் சொல்லும். அந்த எண்ணை நம்பி விமான டிக்கெட் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது ஏமாற்றம் உச்சரிப்பில். நாம் பேசியது திரையில் எழுத்தாக வருகிறதே, அதைப் பார்த்து நம் உச்சரிப்பு சரி என்று நினைத்துவிடுகிறோம். தப்பாகச் சொன்னாலும் முன்பின் சொற்களை வைத்து ஊகித்து அது சரியான சொல்லையே எழுதிவிடும். என் சித்தி மகள் 'பை-சைக்கிள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் ஒவ்வொரு முறையும் அழகாக 'பைசிக்கிள்' என்றே வந்தது. சைக்கிள் என்று தனியாகச் சொல்லும்போது 'சை', முன்னால் 'பை' சேர்ந்தால் 'சி'. அழுத்தமும் 'பை'யில்தான். இதை அவளுக்குச் சொல்ல ஒரு மனிதக் காது வேண்டியிருந்தது.

செயலியைப் பயன்படுத்துவதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: நடுவில் திருத்தாதே, பாராட்டாதே, நான்கு கேள்வி கேட்டு முடித்தபின் என் தப்புகளில் மூன்றை மட்டும் சொல். அப்படிச் சொன்னால் ஓரளவு கேட்கிறது.

அடுத்தது போன் ரெக்கார்டர். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் அடித்தளமாக வைப்பேன். இரண்டாவது முயற்சிக்கு முன்னால் எனக்குக் கைகொடுத்தது இதுதான் என்பதால் ஓரவஞ்சனை இருக்கலாம். சொந்தக் குரலைக் கேட்பது முதல் மூன்று நாளைக்குக் கொடுமை. "நான் இப்படியா பேசுகிறேன்?" என்று இருக்கும். என் பதிவு ஒன்றில் நாற்பது விநாடிக்குள் 'ஆக்சுவலி' ஏழு முறை வந்தது. எண்ணிப் பார்க்கும் வரை அப்படி ஒரு நோய் எனக்கு இருப்பதே தெரியாது.

செய்முறை எளிது. ஒரு கேள்வி எடுங்கள், யோசிக்காமல் பதில் பேசிப் பதிவு செய்யுங்கள். போட்டுக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதுங்கள், தப்போடும் இழுவையோடும். எழுதும்போதே பாதித் தப்பு கண்ணில் படும். 'ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்' என்று பேசும்போது தெரியாது, எழுதினால் பல்லிளிக்கும். மூன்று தப்பை மட்டும் திருத்துங்கள். தாளை மடித்து வைத்துவிட்டு மறுபடி பேசுங்கள். திருத்திய தாளை மனப்பாடம் செய்தால் முதல் வழிக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம், அதனால் இரண்டாம் முறை வேறு வாக்கியங்களில் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பரப்பிய 4/3/2 என்ற பயிற்சியையும் இதில் கலந்துகொள்ளலாம். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், இன்னொருவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே சொல்வது. மூன்றாவது முறை வரும்போது தயக்கம் உதிர்ந்திருக்கும். மூன்று ஆளுக்கு எங்கே போவது? என் சித்தி மகள், அம்மாவின் போட்டோ, ஜன்னல், போன் என்று வைத்துக்கொண்டாள். இரண்டாம் பகுதி அட்டைக்கு இது நன்றாகவே வேலை செய்தது.

கடைசி வழி, காசு கொடுத்து ஆன்லைனில் தனி ஆசிரியரிடம் அரை அரை மணி நேரமாகப் பேசுவது. இருப்பதிலேயே தரமானது, செலவும் அதுதான் அதிகம். தினமும் வைத்துக்கொள்வது வீண் என்பது என் எண்ணம். தொடக்கத்தில் ஒரு முறை, என்ன நோய் என்று தெரிந்துகொள்ள. தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு முறை, முழு மாதிரித் தேர்வாக. 'பை-சைக்கிள்' மாதிரி விஷயங்கள் முதல் பத்து நிமிடத்திலேயே வெளியே வந்துவிடும்.

சரி, எந்த வழியானாலும் எதைப் பேசிப் பழகுவது என்று ஒன்று இருக்கிறதே. வழிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

நான் எட்டு வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுத்தான் ஓட்டக் கற்றேன். உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பீர்கள். முதல் முயற்சியில் இதைச் சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், குரங்கு பெடலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாது என்று விட்டிருப்பேன். அங்கேதான் தப்பு. பேண்ட் 7-க்கான விளக்கத்தில், தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்துத் திறமையாக விளக்கத் தெரிவதும் ஒரு தகுதி. சொல் இல்லாத இடம்தான் மதிப்பெண் கிடக்கிற இடம். 'த சீட் வாஸ் டூ ஹை ஃபார் மீ, ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ த ஃபிரேம், அண்டர் த கிராஸ்பார், அண்ட் பெடல்டு லைக் தட்.' இதில் கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை. கேட்கிறவர் கண்ணில் படம் தெரியும். கிராஸ்பார் என்பது நாம் 'பார்' என்று சொல்லும் அதே கம்பிதான், தம்பி தங்கையை உட்கார வைத்துக் கூட்டிப்போவோமே, அது.

இப்படி ஒரு இருபது விஷயம் நம்மிடம் இருக்கும். டபுள்ஸ் போவது: டபுள்ஸ் என்றால் அவர்களுக்கு டென்னிஸ், எனவே 'மை பிரதர் சாட் பிஹைண்ட் மீ' என்று சொன்னால் முடிந்தது. செயின் கழன்று கையெல்லாம் கிரீஸ் ஆனது: 'த செயின் கெப்ட் கமிங் ஆஃப்.' மணிக்கணக்கு வாடகை சைக்கிள் எடுத்து, நேரமாகிவிட்டதே என்று வியர்க்க வியர்க்க மிதித்துத் திரும்பக் கொடுத்தது. பங்சர் கடையில் தண்ணீர்ச் சட்டியில் டியூபை முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றது. இவற்றை வார்த்தையாக மனப்பாடம் செய்யலாம், தப்பில்லை. சொற்களை நெட்டுருப் போடுவதும் விடைகளை நெட்டுருப் போடுவதும் வேறு வேறு.

'உங்கள் ஊரில் சைக்கிள் பிரபலமா?' என்ற கேள்விக்கும் ஆம்ஸ்டர்டாம் வரை போக வேண்டியதில்லை. புதுக்கோட்டைக்காரராக இருந்தால், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட ஊர் என்று தொடங்கலாம், உங்கள் அத்தையோ பெரியம்மாவோ அதில் இருந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தவராக இருந்தால், போர்க்காலத்தில் பெட்ரோலுக்குத் தடை இருந்தபோது ஊரே சைக்கிளில் ஓடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவரென்றால் பதினோராம் வகுப்பில் வாங்கிய விலையில்லா மிதிவண்டி. இவை எந்த நோட்டிலும் இருக்காது. குடைந்து கேட்டாலும் சொல்ல உங்களிடம் இன்னும் இருக்கும்.

சித்தி மகளுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். கோச்சிங் வேண்டாம். அவளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை, மருத்துவமனையில் பேசத்தான் செய்கிறாள், இருக்கும் ஆறு வாரத்தையும் பஸ்ஸில் செலவழிக்கக் கூடாது. தினமும் இருபது நிமிடம் ரெக்கார்டர், அதுவும் ட்யூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால். வாரம் மூன்று நாள் ஏஐ செயலி, கேள்வி கேட்க மட்டும். வாரம் ஒரு முறை அவளோடு தேர்வு எழுதும் இன்னொரு நர்ஸோடு வீடியோவில், சிரித்தால் ஐம்பது ரூபாய் அபராதம். தனி ஆசிரியரிடம் இரண்டே முறை. மாதிரி விடை பிடிஎஃப்களை நீக்கிவிடச் சொன்னேன். நீக்கினாளா என்று கேட்கவில்லை.

உங்கள் நிலைமை வேறென்றால் இதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரெக்கார்டரும் ஒரு மாதிரித் தேர்வும். வாக்கியமே அமையவில்லை, 'டிட் யூ வென்ட்' அளவில் இருக்கிறீர்கள் என்றால் மூன்று மாதம் எடுத்து கோச்சிங்கிலோ வேறு எங்கோ இலக்கணத்தைச் சரி செய்துவிட்டுத்தான் பேச்சுக்கு வர வேண்டும், அந்த நிலையில் ரெக்கார்டர் மன உளைச்சலை மட்டும் தரும். பிடிஇ என்ற கணினி வழி ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கு எதிரில் ஆளே கிடையாது, மைக்கில்தான் பேச வேண்டும், கூட்டாளி வழியை அவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம்.

மூன்றாவது வாரம் நடக்கிறது. நேற்று விடியற்காலை வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு அனுப்பியிருந்தாள், இருபத்திரண்டு விநாடி. பதினோராம் வகுப்பில் கிடைத்த சைக்கிளில் கூடப் படித்தவளை ஏற்றிக்கொண்டு டியூஷன் போனது, பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் இருவரும் வரப்பில் போய் விழுந்தது. ஒரு இடத்தில் 'ஷீ வாஸ் சிட்டிங் ஆன் த... த...' என்று நின்று, "அந்தப் பின்னாடி கம்பி" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, 'த மெட்டல் திங் பிஹைண்ட் மை சீட்' என்று தொடர்ந்துவிட்டாள். கீழே ஒரு குறுஞ்செய்தி: "அண்ணா, கேரியருக்கு இங்கிலீஷ்ல என்ன?"

ரேக் என்று பதில் போட்டேன். நீ சொன்னதே போதும் என்றும் சேர்த்தேன்.